பைத்தனில ஐஆர்சி, தமிழோட

ஐஆர்சி எண்டது இணையத்தில வரி வரியா எழுதிக் கதைக்கிற சாட் முறை; 1988இல பின்லாந்தில பிறந்தது. வயசு போனாலும், சாட் கிளையன்ட் (சேர்வரோட இணைஞ்சு கதைக்கிற புரோகிராம்) எழுதிப் பழக இதைவிட லேசானது வேற இல்லை. "வாட்ஸ்அப் இருக்கேக்கை இதென்னத்துக்கு அண்ணை?" எண்டு தம்பி சிரிக்கிறான். வாட்ஸ்அப்பில போற வரியளைக் கண்ணால பாக்கேலுமோ?

பைத்தன் எண்ட புரோகிராம் மொழியின்ர ஐஆர்சி லைப்ரரிக்கு சேர்வர், போர்ட் (சேர்வரின்ர வாசல் நம்பர்), நிக் (சாட்டில எங்கட பேர்) குடுத்தால் காணும். போர்ட் வழமையா 6667, டிஎல்எஸ் (மறைகுறியாக்கின இணைப்பு) எண்டால் 6697. கனெக்ட் ஆன கையோட ஜொயின் (சாட் அறைக்குள்ள சேருற கட்டளை) அனுப்பாதேங்கோ, சேர்வரிட்டயிருந்து 001 எண்ட வரவேற்பு வரட்டும். 'இருக்கிறியோ' எண்டு சேர்வர் கேக்கிற பிங்குக்கு, பொங் எண்ட பதிலை லைப்ரரியே சொல்லும்.

சோலி தமிழாலதான். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தை மரக்கறி விலையைச் சாட்டில தானாப் போடுற பொட் (புரோகிராம்) ஒண்டு எழுதுறன். ஐஆர்சியில ஒரு வரி, முடிவைக் காட்டுற இரண்டு பைட்டும் சேர்த்து, 512 பைட்டைத் தாண்டேலாது. எழுத்தை பைட்டா மாத்துற யூடிஎஃப்-8 முறையில தமிழுக்குக் குறி ஒண்டுக்கு 3 பைட்; எழுத்தோட வாற அரவு, புள்ளியும் தனித்தனிக் குறிதான். 'யாழ்ப்பாணம்' மட்டும் 11 குறி, 33 பைட்! வரி 512ஐ விடக் கூடினால் லைப்ரரி எரர் எறியும். அதால முதல்ல என்கோட் பண்ணி (பைட்டா மாத்தி), பைட்டை எண்ணி, கிட்டடி இடைவெளியில வெட்டுறன். கத்தரிக்காய் ஒரு வரி, முருங்கைக்காய் அடுத்த வரி.

பொட்டின்ர புரோகிராம் கோட் முழுக்க வாற கிழமை போடுறன்.