தனுசு பக்கத்து இளம் விண்மீன்கள்

ஜூலை நடுவில் இரவு 10 மணி வாக்கில் வீராம்பட்டினம் கடற்கரையில் நின்று தெற்கே பாருங்கள். சுமார் 49 டிகிரி உயரத்தில், தனுசு ராசியில், நம் பால்வீதியின் மையம். அந்தப் பக்கத்து வாயு எதனால் ஆனது என்பதை அங்குள்ள இளம் விண்மீன்களின் ஒளியிலிருந்து படிக்கலாம்.

சூரியனைப்போல் 10 மடங்கு நிறையுள்ள விண்மீன் 2-3 கோடி ஆண்டுதான் வாழும். அதனால் அதன் மேற்பரப்பில் இருப்பது ஏறக்குறைய அந்தப் பகுதி வாயுவின் இன்றைய கலவையேதான். சூரியனால் அதைச் சொல்ல முடியாது, அதற்கு 460 கோடி வயது.

விண்மீன் ஒளியை நிறமாலையாகப் பிரித்து இந்தக் கலவையை அளக்கும்போது சறுக்கும் இடம் ஒன்று உண்டு. இரண்டு எலக்ட்ரான் இழந்த சிலிக்கன் அந்த நிறமாலையில் 4552, 4567, 4574 ஆங்ஸ்ட்ராம் (ஒளியின் அலைநீள அலகு) இடங்களில் மூன்று கோடுகள் போடும். 4552தான் வலுவானது, 4574 மெலிந்தது. மூன்றும் ஒரே சிலிக்கன் அளவைச் சொல்ல வேண்டும். 4552 மட்டும் கூடுதலாகச் சொன்னால் கணக்கில் நுண்கொந்தளிப்பு வேகத்தை, அதாவது விண்மீனின் மேலடுக்கு வாயு சிறு அளவில் கலங்கும் வேகத்தை, குறைத்துப் போட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். அதை ஏற்றி, மூன்றும் ஒத்துவரும்வரை திரும்பத் திரும்பக் கணக்கிடுங்கள்.

நைட்ரஜனைத் தனியாக நம்பவே கூடாது. வேகமாகச் சுழலும் விண்மீன், உள்ளே சமைத்த நைட்ரஜனை மேலே கொண்டுவந்துவிடும். சிலிக்கனும் மக்னீசியமும் அந்தக் கலப்படத்தில் சிக்காது.

மையத்தை ஒட்டிய ஆர்ச்சஸ், குவின்டுப்லெட் என்ற விண்மீன் கொத்துகளுக்கு இந்தக் கோடுகள் உதவாது. இடையிலுள்ள தூசி கண்ணுக்குத் தெரியும் ஒளியை ஏறக்குறைய 30 மேக்னிட்யூட் (விண்மீன் பிரகாசத்தின் அளவீடு) அளவுக்கு விழுங்கிவிடுகிறது. 2.2 மைக்ரான் அகச்சிவப்பில் சுமார் 3 மேக்னிட்யூட்தான் இழப்பு, அங்கே அதில்தான் படிக்க முடியும்.