முற்றுவினை காட்டிக்கொடுக்கும்

வேலைக்காரப் பெண்ணுக்குப் பதினாறு வயது. நள்ளிரவில் யாரோ படியிறங்கி வந்து, எசமானின் கதவருகே நின்று, மறுபடி மேலே ஏறிப் போனதாகச் சாட்சி சொல்கிறாள். ஆங்கில மூலத்தில் மிக எளிய வாக்கியம். அதைத் தமிழாக்க எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

1849-இல் இங்கிலாந்தின் ஒரு கிராமத்தில் நடக்கும் கொலையைப் பற்றிய நாவல் அது. துப்பறிபவர் போலீஸ்காரர் அல்லர். ஒரு மருத்துவரின் விதவை. அந்தக் காலத்துக்கு அது பொருந்திய தேர்வுதான். மாவட்டங்கள் விரும்பினால் காவல்படை அமைத்துக்கொள்ளலாம் என்று 1839-இல் சட்டம் வந்தது. எல்லா மாவட்டங்களுக்கும் கட்டாயமானது 1856-இல்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் பல ஊர்களில் கொலையை விசாரிக்கப் பயிற்சி பெற்ற ஆளே கிடையாது. மரண விசாரணை பெரும்பாலும் ஊர்ச் சத்திரத்தில் நடக்கும். ஜூரிகள் பிணத்தை நேரில் பார்த்தாக வேண்டும். ஊரே திரண்டு நிற்கும் அந்தக் கூடத்தில், எந்த அதிகாரமும் இல்லாத ஒரு பெண் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

வேலைக்காரப் பெண்ணின் சாட்சியம் அந்தக் கூடத்தில்தான் வருகிறது. தமிழில் 'வந்து', 'நின்று', 'ஏறி' என்று வினையெச்சங்களை அடுக்கிக்கொண்டே போகலாம், எதுவும் வெளிப்படாது. ஆனால் வாக்கியத்தை முடித்தாக வேண்டுமே! 'போனான்' என்றால் வாசகர் பெண்களையெல்லாம் சந்தேகப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார். 'போனாள்' என்றால் நாவல் அங்கேயே முடிந்துவிடும். 'போனார்' என்று எழுதலாம்தான். ஆனால் இருட்டில் பயந்து நடுங்கிக் கிடந்த பெண், முகம் தெரியாத ஆளுக்கு எதற்காக மரியாதை கொடுக்கிறாள்? எசமானர்களில் ஒருவர் என்று அவளுக்குத் தெரியும்போல என்று கூர்மையான வாசகர் ஊகித்துவிடுவார். மூலத்தில் இல்லாத ஒரு தடயத்தை நான் போட்டதாகிவிடும்.

கடைசியில் ஆளை விட்டுவிட்டுச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டேன். "காலடிச் சத்தம் படியிறங்கி வந்தது. ஐயாவின் கதவருகே நின்றது. மறுபடி மேலே ஏறிப் போனது." அஃறிணை காப்பாற்றியது. அவள் கேட்டதும் சத்தத்தைத்தானே, ஆளையல்லவே என்று நினைத்தபோது மனம் நிறைந்தது.

இரண்டாம் மெய்ப்பு வந்தபோது அந்த வரி மாறியிருந்தது. 'போனது' இருந்த இடத்தில் 'போனான்'. பதிப்பாசிரியரைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"சத்தம் எப்படிங்க ஏறிப் போகும்? ஆள்தானே போவான்?" என்றார்.

"அந்த 'வான்' வரக்கூடாது ஐயா. இருபத்தாறாம் அத்தியாயத்தைப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்" என்றேன். மறுநாள் அவரே திருத்தி அனுப்பிவிட்டார்.

இதைவிடப் பெரிய சோதனை உறவுமுறையில் இருந்தது. கொல்லப்பட்டவரும் பண்ணையின் உரிமையாளரும் இரட்டையர்கள். மூத்த மகனுக்கே நிலம் என்ற அந்நாட்டு மரபுப்படி, யார் முதலில் பிறந்தவர் என்பதில்தான் கொலைக்கான காரணமே இருக்கிறது. இங்கிலாந்தில் பிறப்பு இறப்புகளை அரசு பதிவு செய்யத் தொடங்கியது 1837-இல். அதற்கு முன் பிறந்தவர்களுக்குத் தேவாலய ஞானஸ்நானப் பதிவேடுதான் சான்று. 1538 முதலே தேவாலயங்களில் அப்படிப் பதிந்துவரும் வழக்கம் உண்டு. விதவை அந்த ஏட்டைத் தேடிப் புரட்டுகிறாள். ஓரத்தில் மங்கிய மையில் பாதிரியார் எழுதிவைத்த ஒரு வரி, ஊரார் அறுபது ஆண்டுகளாக நம்பிவந்ததைப் புரட்டிப்போடுகிறது.

ஆங்கிலத்தில் அதுவரை 'பிரதர்' என்ற ஒரே சொல்லால் ஓட்டிவிடலாம். மூத்தவரா இளையவரா என்று அந்தச் சொல் சொல்லாது. தமிழில் அண்ணன், தம்பி, பெரியப்பா, சித்தப்பா என்று வாயைத் திறந்தாலே வரிசை வந்துவிடுகிறது. எனக்கு நானே ஒரு விதி வகுத்துக்கொண்டேன். பாத்திரங்கள் 'அண்ணன்' என்று தவறாகச் சொல்லலாம், அவர்கள் அப்படித்தான் நம்புகிறார்கள். கதைசொல்லி ஒருபோதும் சொல்லக்கூடாது. அவர் 'உடன்பிறந்தவர்' என்றே சொல்ல வேண்டும். மர்ம நாவலில் பாத்திரம் பொய் சொன்னால் அது கதை; கதைசொல்லி பொய் சொன்னால் அது மோசடி. கையெழுத்துப் படியை இதற்காகவே மூன்று முறை முழுதாக வாசித்தேன்.

நஞ்சைப் பொறுத்தவரை எனக்குச் சிரமமே இல்லை. ஆர்சனிக்குக்கு வெள்ளைப் பாஷாணம் என்ற சொல் தமிழில் தயாராக இருக்கிறது. மாவோடு மாவாகக் கலந்துவிடும் அந்தப் பொடியில் புகைக்கரியோ அவுரிச் சாயமோ கலந்துதான் சில்லறையில் விற்க வேண்டும், வாங்குபவர் ஏட்டில் கையொப்பமிட வேண்டும் என்று 1851-இல் சட்டம் வந்தது. கதை அதற்கு இரண்டு ஆண்டு முந்தியது. அதனால் விதவைக்குக் கடை ஏட்டுச் சான்று கிடைப்பதில்லை. கடைக்காரரின் ஞாபகத்தை நம்பியே அவள் மாதக்கணக்கில் அலைகிறாள்.

இருபத்தாறாம் அத்தியாயத்தில் வேலைக்காரப் பெண் அதே சாட்சியத்தை மறுபடி சொல்கிறாள். இம்முறை அவளுக்கு ஆள் யாரென்று தெரியும். "படியிறங்கி வந்து, ஐயாவின் கதவருகே நின்று, மறுபடி மேலே ஏறி..." என்று தட்டச்சு செய்துகொண்டே போய், 'போனாள்' என்று முடித்தேன். அதற்கு மேல் அன்றைக்கு ஒரு வரியும் எழுதவில்லை.