அம்மாவோடு நடக்கும் அரை மணி நேரம்

அம்மாவுக்கு மறதிநோய் உறுதியான பிறகு, அவரை ஓரிடத்தில் அமர வைத்திருப்பதே பாதுகாப்பு என்று நெடுநாள் நம்பியிருந்தேன். அது தவறு. அசையாமல் இருக்க இருக்கத் தசைகள் வலுவிழந்து, உடலின் சமநிலை குலைந்து, எதற்கு அஞ்சினோமோ அந்த விழுதலுக்கே வழி பிறக்கிறது.

இப்போது மாலை 4 மணிக்கு, அவருடைய பதற்றம் தலைதூக்கும் வேளைக்குச் சற்று முன்பாக, இருவரும் நடக்கிறோம். “செருப்பைப் போட்டுக்கொள்ளம்மா” என்றால் அவருக்கு விளங்குவதில்லை. செருப்பைக் காலருகே வைத்தால் பாதம் தானாக நுழைந்துகொள்கிறது. உடலுக்குப் பழகிய செயல்கள், பெயர்களையும் முகங்களையும் விட நெடுநாள் தங்குகின்றன.

உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல், வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலியக்கத்தைப் பரிந்துரைக்கிறது. அம்மாவுக்கு அந்தக் கணக்கை நான் பார்ப்பதில்லை (நாற்காலியைப் பிடித்தபடி பத்து முறை எழுந்து அமர்ந்தாலே அன்றைக்குப் போதும்). எனக்கு அந்தக் கணக்கைப் பார்க்கிறேன். அவரைத் தூக்கி எழுப்பப் போய் இடுப்புப் பிடித்துக்கொண்ட பிறகுதான், பராமரிப்பவரின் உடலுக்கும் பராமரிப்பு வேண்டும் என்பது உறைத்தது. நடை இந்நோயைக் குணப்படுத்தாது. நடந்த நாள்களில் இருவரும் சற்று முன்னதாகவே உறங்கிவிடுகிறோம்.