ஆற்றோடு ஆறு நாள்: பாசாவிலிருந்து பிராட்டிஸ்லாவா வரை

2019 ஜூலையில் நானும் நண்பனும் டான்யூப் ஆற்றங்கரையிலேயே சைக்கிளில் மூன்று நாடுகள் போனோம். ஜெர்மனியின் பாசாவில் ஆரம்பம், ஆஸ்திரியா வழியாக ஸ்லோவாக்கியாவின் பிராட்டிஸ்லாவாவில் முடிவு, கிட்டத்தட்ட 400 கிலோமீட்டர். நான் திருச்சியிலிருந்து வேலைக்கு வந்தவன். அவன் யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு ஜெர்மனியில் பிறந்தவன். கிளம்புவதற்கு முந்தின இரவு அவனுடைய அப்பா போன் செய்து, மகனை விட்டுவிட்டு என்னிடம் கேட்டார்: "தம்பி, பாஸ்போர்ட் எல்லாம் கவனமா வச்சிருக்கிறியள்தானே?"

பாசாவில் மூன்று ஆறுகள் கூடுகின்றன. வடக்கிலிருந்து கறுப்பாக இல்ஸ், தெற்கே ஆல்ப்ஸிலிருந்து வெளிர்பச்சையாக இன், நடுவில் டான்யூப். சராசரியாக இன் ஆறுதான் அதிகத் தண்ணீர் கொண்டுவருகிறது, ஆனாலும் அதற்கப்புறம் பெயர் டான்யூப்தான். காவிரி கொள்ளிடமாகப் பிரிவதைப் பார்த்து வளர்ந்த எனக்கு ஆறுகள் கூடுவதைப் பார்த்து அலுக்கவில்லை, கிளம்பும்போது மணி பத்தாகிவிட்டது.

இடது கரையில் 20 கிலோமீட்டருக்கு மேல் போனால் யோஹென்ஸ்டைன். ஆற்றுக்கு நடுவே ஒரு பாறை, பக்கத்தில் ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் சேர்ந்து 1950களில் கட்டிய நீர்மின் நிலையம். அதைத் தாண்டி ஒரு சின்ன ஓடை வருகிறது. அதுதான் எல்லை என்று வரைபடம் சொன்னது, சாவடியும் இல்லை, காவலரும் இல்லை. நண்பன் சைக்கிளை நிறுத்திவிட்டு அங்கேயே நின்றான். அப்போதுதான் அவன் அப்பாவின் கதையை முழுதாகச் சொன்னான்.

ஜெர்மனியும் பெர்லினும் கிழக்கு, மேற்கு என்று பிரிந்திருந்த 1984இல் அவர் கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கியிருக்கிறார். அங்கிருந்து ஃப்ரீட்ரிஷ்ஸ்ட்ராஸ ஸ்டேஷன் போய் ரயில் ஏறினால் மேற்கு பெர்லின். இரண்டு பெர்லினுக்கும் நடுவே இருந்ததை நாட்டு எல்லையாகவே மேற்கு ஜெர்மனி ஏற்கவில்லை என்பதால் மேற்குப் பக்கம் வழக்கமான பாஸ்போர்ட் சோதனை கிடையாது. அந்த வழியில் வந்த ஈழத்தமிழர் ஆயிரக்கணக்கில் உண்டு. சில நிமிடப் பயணம்தான், ஆனால் அந்த ரயிலில் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை என்பாராம். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை, தண்ணீர் பாட்டிலை நீட்டினேன், குடித்துவிட்டு "வா மச்சான், போவம்" என்றான்.

முதல் நாள் பேராசைப்பட்டு லின்ஸ் வரை ஓட்டினோம், மறுநாள் காலை சீட்டில் உட்காரவே முடியவில்லை. புதிதாகப் போகிறவர்கள் தயவுசெய்து நாளுக்கு 60 கிலோமீட்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பாதை பெரும்பாலும் சமதளம், தார் போட்டது, கார் தொல்லை குறைவு. எல்லோரும் மேற்கிலிருந்து கிழக்காகவே ஓட்டுவதற்கும் காரணம் இருக்கிறது, ஆறு இறங்கும் திசையும் அதுதான், காற்றும் பெரும்பாலும் முதுகுப் பக்கமே வீசும்.

மவுட்ஹவுஸனில் பாதையை விட்டு விலகி மேட்டில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனோம். நாஜிகளின் வதைமுகாம் இருந்த இடம். அங்கும் அதன் கிளை முகாம்களிலும் குறைந்தது 90,000 பேர் கொல்லப்பட்டார்கள். கல் குவாரியிலிருந்து மேலே வர 186 படிகள், கைதிகள் கருங்கல்லை முதுகில் சுமந்து ஏறிய படிகள். அன்று மாலை முழுக்க நாங்கள் அதிகம் பேசவில்லை. ஆறு மட்டும் கீழே அத்தனை அழகாக ஓடிக்கொண்டிருந்தது, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

மூன்றாம் நாள் இப்ஸ் பக்கத்தில் என் பின்சக்கரம் பஞ்சர், மாற்று ட்யூப் இருந்ததால் பிழைத்தோம். அடுத்த நாள் மெல்க் மடாலயத்தைத் தாண்டினால் வாஹௌ பள்ளத்தாக்கு, இரு பக்கமும் திராட்சைத் தோட்டம், வீட்டு வாசல்களில் ஆப்ரிகாட் கூடைகள். ஒரு பாட்டியிடம் இரண்டு கிலோ வாங்கி, டியூர்ன்ஸ்டைன் கோட்டைக்குக் கீழே புல்லில் உட்கார்ந்து முக்கால்வாசியைத் தின்று தீர்த்தோம்.

கடைசி நாள் வியன்னாவிலிருந்து கிளம்பி ஹைன்பர்க் போனோம். அந்த ஊர்ப் பக்கத்திலிருந்து பார்த்தால் மொராவா ஆறு வந்து கலக்கும் இடத்தில், மறுகரைப் பாறைமேல் டெவீன் கோட்டை தெரிகிறது. 1989 வரை அது கம்யூனிஸ்ட் ஆட்சியில் இருந்த செக்கோஸ்லோவாக்கியா, அந்தக் கரை முழுக்க முள்வேலி, தாண்ட முயன்றவர்களைச் சுட்டிருக்கிறார்கள். வேலி விழுந்த அந்த டிசம்பர் 10 அன்று பிராட்டிஸ்லாவாவிலிருந்து ஆயிரக்கணக்கானோர் ஹைன்பர்குக்கு நடந்தே வந்தார்கள். நாங்கள் எதிர்த்திசையில் ஓட்டினோம். பெர்க் என்ற ஊருக்குப் பிறகு வயல், அப்புறம் பழைய ராணுவப் பதுங்கறை ஒன்று, அதற்குள் ஸ்லோவாக்கியா வந்துவிட்டிருந்தது.

பிராட்டிஸ்லாவாவில் பாலத்தடியில் நின்று அவன் அப்பாவுக்கு வீடியோ கால் போட்டோம். ஊரைக் காட்டினோம், ஆற்றைக் காட்டினோம். அவர் அதையெல்லாம் பார்த்த மாதிரியே தெரியவில்லை.

"ஒருத்தரும் மறிக்கேல்லையோ?" என்றார்.

"இல்லப்பா, ஒருத்தரும் மறிக்கல."

"ரெண்டு இடத்திலயுமோ?"

"ரெண்டு இடத்திலயும்."