முனியாண்டிக்கு ஒரு நம்பர்

என் பாட்டி கடைசிவரை "காட்டுக்குப் போறேன்" என்றுதான் சொல்லுவார். அவர் சொன்ன காடு பால்மர நிரை. இருட்டு பிரியும் முன்னே பெரட்டு என்கிற ஆள்கணக்கு முடிந்து, உளியும் வாளியுமாக நுழைகிற வேலைக்காடு. தோட்டத்தில் பால்மரத்தைச் சாய்த்துச் செம்பனை நட்ட பிறகு அப்பா குலை அறுக்கப் போனார். அவரும் "காட்டுக்குப் போறேன்" என்றுதான் கிளம்புவார். வேடிக்கை என்னவென்றால், ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு போடும் கணக்கில் பாட்டியின் காடு காடுதான், அப்பாவுடையது காடில்லை. ரப்பர் தோட்டம் வனப்பரப்பில் சேரும், செம்பனை விவசாயப் பயிர்.

இந்த இரண்டுக்கும் முன்னால் அங்கே நின்ற காட்டைப் பற்றி எங்கள் வீட்டில் பேச்சே கிடையாது. புலி, காய்ச்சல், அட்டை என்று மூன்று வார்த்தையில் முடித்துவிடுவார்கள். அதை வெட்டித்தான் பிழைத்தோம்.

அதனால்தான் 2020 பிப்ரவரியில் கோலா லங்காட் உத்தாரா காப்புக்காட்டில் ஏறத்தாழ 930 ஹெக்டரைக் காப்பிலிருந்து விடுவிக்கப்போவதாக மலேசியாவின் சிலாங்கூர் மாநில அரசு அறிவித்தபோது, பந்திங்கில் நாங்கள் காலைத் தேத்தண்ணி குடிக்கிற கடையில் யாரும் பதறவில்லை. வீடு வரும், வேலை வரும் என்றார்கள். நானும் அப்படித்தான் பேசினேன், மறைப்பானேன்.

சந்தையில் ஒரு பெரியவர் பெத்தாய் என்ற காட்டு அவரைக்காய் விற்பார். அந்தக் காட்டின் பூர்வகுடிகளான தெமுவான் இனத்தவர். என்னை "அண்ணே" என்றுதான் கூப்பிடுவார். நான் அவரை மலாயில் "பாக்சிக்", அதாவது மாமா என்பேன். "வெட்டினால் என்ன பாக்சிக், பதிலுக்கு வேறு இடத்தைக் காடாக்குவார்களாமே" என்று ஆறுதலாகத்தான் கேட்டேன். நான் சொன்னது பொய்யுமில்லை. 1984-ஆம் ஆண்டு தேசிய வனச்சட்டம் அன்று இருந்தபடி, காப்புக்காடு எதற்காக வைக்கப்பட்டதோ அதற்கு இனித் தேவையில்லை, அதைவிடப் பெரிய பொருளாதாரப் பயனுக்கு நிலம் வேண்டும் என்று மாநில அரசு கருதினால் விடுவிக்க முடிந்தது. முடிந்தால் ஏறக்குறைய அதே அளவு நிலத்தை வேறெங்காவது காப்புக்காடாக்க வேண்டியிருந்தது. மனைக்கு மாற்று மனை கொடுக்கிற மாதிரி.

பெரியவர் பெத்தாய்க் கட்டை ராஃபியாக் கயிற்றால் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார். "அந்தப் புதுக் காட்டில் எங்கள் தாத்தா இருக்கிறாரா, அண்ணே?" என்றார். கோபமெல்லாம் இல்லை. ஐந்து வெள்ளி வாங்கிக்கொண்டு அடுத்த ஆளைப் பார்த்தார்.

எதிர்ப்பு மனுக்கள் ஆயிரக்கணக்கில் போயின. அப்படியும் பாதிக்கு மேல் விடுவிக்கப்பட்டுவிட்டது என்று 2021 ஆகஸ்டு கடைசியில் தெரியவந்தது. செப்டம்பரில், கூச்சல் தாங்காமல், அரசு அந்த முடிவைத் திரும்பப் பெற்றது. அதுவரை பேச்செல்லாம் ஹெக்டரும் கரிச்சதுப்பு மண்ணும்தான். தாத்தாவை எழுத எந்தப் படிவத்திலும் கட்டமில்லை.

சரி, ஆற்றையும் மலையையும் கும்பிடுகிற நம்மவர்கள் சட்டம் எழுதினால் நன்றாக வருமா? 2017 மார்ச்சில் நியூசிலாந்து, மாவோரி மக்கள் தங்கள் மூதாதையாகக் கருதும் வாங்கனுயி ஆற்றைச் சட்டப்படி ஒரு நபராக்கியது. சில நாளிலேயே உத்தராகண்ட் உயர்நீதிமன்றம் கங்கைக்கும் யமுனைக்கும் அதே அந்தஸ்தைக் கொடுத்து, தலைமைச் செயலாளர் உள்ளிட்ட அதிகாரிகளைப் பெற்றோர் ஸ்தானத்தில் வைத்தது. கங்கை நமக்குத் தாய். அந்தத் தாய்க்குப் பெற்றோர் நியமனம்! வெள்ளம் வந்து சேதமானால் யார்மேல் வழக்குப் போடுவார்கள் என்று மாநில அரசே பயந்து உச்ச நீதிமன்றம் போக, ஜூலையில் தடை வந்துவிட்டது. மாவோரிகள் அந்த ஆற்றுக்காக நூறாண்டுக்கு மேல் வாதாடி, யார் பொறுப்பு, என்ன பணம் என்பதுவரை பேசி முடித்திருந்தார்கள். வெறும் பக்தி மட்டும் போதவில்லை.

எங்கள் பழைய தோட்டத்து எல்லையில் ஓர் ஆலமரம், அடியில் முனியாண்டி. மறுநடவின்போது புல்டோசர் அந்த மரத்துக்குப் பத்தடி முன்னால் நின்றது. ஓட்டியவர் இந்தோனேசியக்காரர், நம்ம சாமி இல்லை. ஆனாலும் இறங்கிவந்து, "இதை நான் தொடமாட்டேன், வேறு ஆளைப் பாருங்கள்" என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டார். வேறு ஆளும் கிடைக்கவில்லை. வரைபடத்தில் அந்த இடத்தைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டார்கள்.

பிற்பாடு செம்பனை எண்ணெய்க்கு, இயற்கையைக் கெடுக்காமல் விளைந்தது என்று சொல்லும் ஆர்.எஸ்.பி.ஓ. சான்றிதழ் வாங்க வேண்டிவந்தது. அதற்கு, தோட்டத்தில் காக்கவேண்டிய இடங்களை ஆறு வகையாகப் பிரிக்க வேண்டும். அரிய உயிரினங்கள் முதல் வகை. பண்பாடு, வழிபாடு ஆறாவது. மரத்தடியில் பச்சைத் தகரத்தில் வெள்ளை எழுத்தில் பலகை நட்டார்கள்: எச்.சி.வி. 6, அதாவது காக்கவேண்டிய இடம், ஆறாம் வகை. முனியாண்டிக்கும் படிவத்தில் ஒரு கட்டம் கிடைத்துவிட்டது. காப்புக்காடு தோட்டமில்லையே, அதனால் பெரியவரின் தாத்தாவுக்கு இந்தப் பலகையும் வராது.

போன ஆடியில் படையலுக்குப் போயிருந்தேன். யாரோ அந்தப் பலகைக்கும் திருநீறு பூசி, ஆறாம் எண்ணின் வயிற்றுக்குள் குங்குமம் வைத்திருந்தார்கள். கீழே ஒரு சுருட்டு, பாதி எரிந்திருந்தது.