கயிறு இழுத்தே தோள் போச்சு

மரம் அறுக்கும் செயின்சா மெஷினைக் கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்வதில் நான் ஒன்றும் சூரன் இல்லை. நாலைந்து இழுப்பு ஆகும், வியர்க்கும், ஒருவழியாகப் பிடித்துவிடும். போன மாதம் அது குஸ்தியாகவே மாறிவிட்டது. கயிறு பாதியில் கல்லில் கட்டியது போல நிற்கும். பல்லைக் கடித்து இழுத்தால் பிடி கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடி விரல் கணுவில் அடிக்கும். அடுத்த நாள் வலது தோளைத் தூக்க முடியவில்லை.

நான் செய்த தவறு என்னவென்றால், நோயைப் பார்க்காமல் மருந்து கொடுத்தேன். கயிறு லேசாக வந்தும் மெஷின் பிடிக்கவில்லை என்றால் பெட்ரோல், காற்று, ஸ்பார்க் என்று தேட வேண்டும். கயிறே கனக்கிறது என்றால் எங்கே உரசுகிறது, எது தடுக்கிறது என்று தேட வேண்டும். இரண்டும் வேறு வேறு. எனக்கு இருந்தது இரண்டாவது. வைத்தியம் பார்த்ததோ முதலாவதற்கு. புது ஸ்பார்க் பிளக் வாங்கி 0.5 மில்லிமீட்டர் இடைவெளி பார்த்துப் போட்டேன். ஏர் ஃபில்டரைக் கழுவிக் காயவைத்தேன். பழைய பெட்ரோலைக் கொட்டிவிட்டு, லிட்டருக்கு 20 மில்லி டூ ஸ்ட்ரோக் ஆயில் என்று அளந்து புதிதாகக் கலந்தேன். கயிறு அசைந்துகொடுக்கவில்லை.

கோபத்தில் இன்னொன்றும் செய்தேன். சோக்கை (காற்றைக் குறைத்து, பெட்ரோல் அதிகம் போக வைக்கும் விசை) முழுதாகப் போட்டு இழுக்கும்போது எஞ்சின் ஒருமுறை 'டப்' என்று இருமும். அந்த இருமலைக் கேட்டதும் சோக்கைப் பாதிக்குத் தள்ள வேண்டும். நான் கயிற்றோடு மல்லுக்கட்டியதில் அதைக் கேட்கவே இல்லை. இழுக்க இழுக்கப் பெட்ரோல் உள்ளே போய்த் தேங்கிவிட்டது. பிளக்கைக் கழற்றினால் சொட்டச் சொட்ட நனைந்திருக்கிறது. சரி என்று சோக்கை எடுத்துவிட்டு, பிளக் வயரை எட்டத் தள்ளி, துளையைக் கீழே சாய்த்து, உள்ளே இருப்பதை வெளியேற்றக் கயிற்றை இழுத்தேன்.

அங்கேதான் துப்பு கிடைத்தது. பிளக் இல்லாவிட்டால் சிலிண்டருக்குள் அழுத்தமே கிடையாது. கயிறு வெண்ணெயில் கத்தி போல வர வேண்டும். வரவில்லை. அதே கனம். அப்படியானால் கம்ப்ரஷன் மேல் பழி போட முடியாது. உண்மையில் பிளக்கைக் கழற்றி ஒருமுறை இழுத்துப் பார்ப்பதைத்தான் நான் முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

அடுத்து ஸ்டார்ட்டர் மூடி. நாலு ஸ்க்ரூதான். உள்ளே மரத்தூளும் ஆயிலும் கலந்து களிமண் மாதிரி அப்பியிருந்தது. சுரண்டி எடுத்துவிட்டு, மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு கயிற்றை இழுத்தால் சுலபமாக வந்தது, விட்டதும் சுருண்டு உள்ளே போனது. இங்கேயும் குற்றமில்லை. (கயிறு சுற்றியிருக்கும் கப்பியைக் கழற்றவில்லை. அதன் பின்னால் இருக்கும் சுருள் ஸ்பிரிங் துள்ளி முகத்தில் அடிக்கும் ஜாதி.)

மூடி இல்லாத எஞ்சினின் ஃப்ளைவீலை, அதாவது எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் சக்கரத்தை, கையால் திருப்பிப் பார்த்தேன். முரண்டு பிடித்தது. பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிவிட்டதோ என்று வயிறு கலங்கி, சைலன்சரைக் கழற்றி ஓட்டை வழியாக எட்டிப் பார்த்தேன். பிஸ்டன் பக்கத்தில் ஒரு கீறல்கூட இல்லை. மெஷினை நகர்த்தி வைப்பதற்காக முன் பிடியோடு சேர்த்து, செயினை ஓடவிடாமல் நிறுத்தும் செயின் பிரேக்கையும் தெரியாமல் பின்னால் இழுத்து விடுவித்துவிட்டேன் போலிருக்கிறது. மறுபடி ஃப்ளைவீலைத் தொட்டால் சுலபமாகச் சுற்றுகிறது. கூடவே செயினும் நகர்கிறது.

செயின் நகரவே கூடாது. எஞ்சின் வேகமெடுத்த பிறகுதான் கிளட்ச் கட்டைகள் விரிந்து, செயினை ஓட்டும் டிரம்மைப் பிடிக்கும். அதுவரை அவற்றை உள்ளே இழுத்து வைத்திருப்பது சின்னச் சின்ன ஸ்பிரிங்குகள். அதில் ஒன்று உடைந்து, கட்டை டிரம்மிலேயே ஒட்டி உட்கார்ந்திருந்தது. பிரேக் போட்டால் டிரம் நிற்கும், டிரம்மோடு எஞ்சினும் நிற்கும். பிரேக் போட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும் என்ற விதியை நான் ஒழுங்காகக் கடைப்பிடித்ததால், ஒவ்வொரு முறையும் பிரேக்கை எதிர்த்தே இழுத்திருக்கிறேன்!

யோசித்தால், மெஷின் முன்பே சொல்லியிருக்கிறது. சில வாரங்களாக ஐடிலில், அதாவது விசையை அழுத்தாமல் எஞ்சின் சும்மா ஓடும்போதே, செயின் மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்தது. ஐடில் கூடிவிட்டது என்று ஸ்க்ரூவைக் குறைத்தேன். அதனால் அடிக்கடி அணைந்தது. அணைந்ததால் இன்னும் அதிகம் இழுத்தேன்.

நண்பனிடம் சொன்னதற்கு, "பிரேக்கை எடுத்துட்டு இழு, வேலை முடிஞ்சுது" என்றான். முடியும்தான், வேறு விதத்தில். சோக் போட்டு ஸ்டார்ட் செய்யும்போது எஞ்சின் வேகமாகவே எழும்பும். பிரேக் இல்லாவிட்டால் அந்த நொடியே செயின் ஓடும், என் கால் பின்பிடியை மிதித்துக்கொண்டு பக்கத்தில் இருக்கும்.

கிளட்ச்சைக் கழற்ற, பிஸ்டன் மேலே ஏறும்போது புகை வெளியேறும் துளையைத் தாண்டியதைப் பார்த்துவிட்டு, பிளக் துளை வழியாகக் கயிற்றைத் திணித்து எஞ்சினை நிறுத்தினேன். பிறகு வழக்கம்போல இடப்பக்கம் திருகினேன். அரை மணி நேரம். அது இடது மரை, கடிகாரம் சுற்றும் பக்கம் திருப்பினால்தான் கழலும். கிளட்ச் மேலேயே அம்புக்குறி இருந்தது, அழுக்குக்கு அடியில். உடைந்ததை மட்டும் மாற்றாமல் எல்லா ஸ்பிரிங்கையும் மாற்றினேன். டிரம்முக்குள் இருக்கும் ஊசி பேரிங்குக்குக் கொஞ்சம் கிரீஸ். ஐடில் ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தேன்.

பிரேக் போட்டு, தரையில் வைத்து, காலால் மிதித்து, கயிறு தட்டும் இடம் வரை மெதுவாக இழுத்து, அப்புறம் ஒரு வெட்டு. மூன்றாவதில் 'டப்'. சோக்கைப் பாதிக்குத் தள்ளி அடுத்த இழுப்பில் பிடித்துக்கொண்டது. ஐடிலில் விட்டு, பிரேக்கை எடுத்துப் பார்த்தேன். செயின் அசையவில்லை.

தோள் இன்னும் முழுசாகச் சரியாகவில்லை. கழற்றிய பழைய பிளக்கைத் துடைத்து உபரியாக வைத்திருக்கிறேன். அதன் மேல் ஒரு குற்றமும் இல்லை, பாவம்.