ராஜலட்சுமியை ஒரு வரியில் முடித்துவிட வேண்டாம்

டி.பி. ராஜலட்சுமி பேச்சு வந்தாலே ‘தமிழின் முதல் பேசும்பட நாயகி’ என்று ஒரு வரியோடு விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதில் நிரம்ப வருத்தம். அந்த இடத்துக்கு அவர் வந்த வழியும் அதற்கப்புறம் செய்ததும் அந்த ஒரு வரிக்குள் அடங்காது.

1911இல் திருவையாற்றில் பிறந்தவர். சிறு பிராயத்திலேயே கல்யாணம் செய்து வைத்தார்கள்; அது நிலைக்கவில்லை. பிழைப்புக்காக நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். மைக் இல்லாத மேடை. கொட்டகையின் கடைசி ஆள்வரை பாட்டு கேட்க வேண்டுமென்றால் தொண்டையை நம்பித்தான் நிற்க வேண்டும். விடிய விடிய அப்படிப் பாடிப் பழகிய குரல் அது.

1929இல் ‘கோவலன்’ மௌனப் படத்தில் நடித்தார். அப்புறம் ‘உஷா சுந்தரி’, ‘ராஜேஸ்வரி’. அந்தக் குரலுக்கு அங்கே வேலையே இல்லை. முகமும் கையும்தான் பேச வேண்டும். வசனம் எழுத்து அட்டையாகத் திரையில் வரும்.

1931இல் பம்பாயில் இம்பீரியல் கம்பெனி தமிழின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ எடுத்தது. தயாரிப்பு அர்தேஷிர் இரானி, இயக்கம் எச்.எம். ரெட்டி. நாயகி ராஜலட்சுமி தமிழில் பேசினால் நாயகன் பி.ஜி. வெங்கடேசன் தெலுங்கில் பதில் சொல்வார்! இன்றைக்குக் கேட்க விநோதமாக இருக்கலாம். ஆனால் ஒரு நடிகையாக யோசித்துப் பாருங்கள். பின்னணிக் குரல், டப்பிங் எதுவும் வராத நேரம். மைக் எட்டும் தூரத்தை விட்டு நகராமல், வேறு பாஷையில் வரும் வசனத்துக்கு முகம் மாறாமல் பதில் சொல்லி, அங்கேயே பாடவும் வேண்டும். மேடையில் தேறியவரால்தான் அது முடியும். மௌனப் படத்தில் பெயர் வாங்கிய எத்தனையோ பேர், பாடத் தெரியாததால் பேசும்படத்தில் பின்தங்கிப் போனார்கள். இவருக்கோ அதற்குப் பிறகுதான் ஏறுமுகம். 1933இல் வந்த ‘வள்ளி திருமணம்’ நன்றாக ஓடியது. ‘சினிமா ராணி’ என்றே அவரை அழைத்தார்கள்.

ஆனால் நான் அவரை மதிப்பது 1936ஆம் வருஷத்துக்காக. தான் எழுதிய நாவலையே கதையாக வைத்து, ‘ஸ்ரீ ராஜம் டாக்கீஸ்’ என்று சொந்தக் கம்பெனி தொடங்கி, ‘மிஸ் கமலா’வைத் தானே தயாரித்து, இயக்கி, நடிக்கவும் செய்தார். தென்னிந்தியாவில் ஒரு பெண் படம் இயக்கியது அதுதான் முதல் தடவை. குழந்தைக் கல்யாணத்திலிருந்து மீண்டு வந்த பெண், அப்போது அவருக்கு இருபத்தைந்து வயசுதான்.

1961இல் கலைமாமணி விருது வந்தது, 1964இல் காலமானார். ‘காளிதாஸ்’ பிரதியும் இல்லை, ‘மிஸ் கமலா’ பிரதியும் இல்லை. ‘காளிதாஸ்’ பற்றியாவது நிறைய எழுதிவிட்டார்கள். ‘மிஸ் கமலா’வில் கேமராவை எங்கே வைத்தார், தன் காட்சியைத் தானே எப்படி எடுத்தார் என்று பார்க்க எனக்கு அவ்வளவு ஆசை.